குதிரைப் பந்தயக் கணக்கும் நம் கடைக் கணக்கும்

பலசரக்கு வியாபாரிகளுக்கான இதழில் குதிரைப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கடைவீதியில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றால் இப்படி ஒரு கட்டுரை ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கிவிடும். "லாட்டரி குருட்டு அதிர்ஷ்டம், அதை 2003-ல் நம் மாநிலத்தில் நிறுத்தியது சரிதான். ஆனால் ரேஸ் அப்படி இல்லை. அது திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கணக்குத் தெரிந்தவனுக்கு அதில் காசு உண்டு. வியாபாரிக்குத் தெரியாத கணக்கா?" இப்படிப் பேசுகிறவர்கள் மூடர்கள் அல்லர். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லக்கூடியவர்கள். அதனாலேயே இந்தப் பேச்சு அவர்களுக்குச் சுலபமாகப் பிடித்துப் போகிறது.

ஆகவே ரேஸ் பாவம், புண்ணியம் என்ற பிரசங்கத்தை ஒதுக்கி வைப்போம். குதிரையின் தரத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள், ஜெயிக்கக்கூடிய குதிரையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் உள்ள திறமை எவ்வளவு, அந்தத் திறமை பணமாக மாறுமா என்பதை வியாபாரக் கண்ணோடு வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் சொன்னது என்ன?

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது. 1974-ல் கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு நீண்டு, 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று, திறமையே அதில் மேலோங்கி நிற்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னர் 2024-ல் உதகை, கிண்டி ரேஸ் மைதான நிலங்கள் குறித்துத் தமிழக அரசு நடவடிக்கை எடுத்ததும், கிண்டியின் குத்தகையை ரத்து செய்ததும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது நிலத்தைப் பற்றிய விவகாரம். பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா என்று மற்ற ஊர்களிலும் ரேஸ் கிளப்புகள் உண்டு. ஆகவே பேச்சு ஓய்வதாக இல்லை.

தீர்ப்பு சரியானதே. ஆனால் அது சொன்னது, பந்தயத்தின் முடிவில் திறமைக்குப் பங்கு உண்டு என்பதைத்தான். பணம் கட்டுகிறவருக்கு லாபம் உண்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நாம் அளந்து பார்க்கப்போகிறோம்.

குதிரையின் பேரேடு

புதிதாக ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்து கடனுக்குச் சரக்குக் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? முன்பு யாரிடம் வாங்கினார், எத்தனை நாளில் கட்டினார், பண்டிகை மாதத்தில் எப்படி, மழை மாதத்தில் எப்படி என்று விசாரிக்கிறோம். ஒரு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்பதை மட்டும் வைத்து நல்லவர் என்றோ, ஒரு தவணை தவறியதை மட்டும் வைத்துக் கெட்டவர் என்றோ முடிவு கட்டுவதில்லை. எந்த நிலைமையில் கட்டினார், எந்த நிலைமையில் தவறினார் என்பதைத்தான் பார்க்கிறோம்.

குதிரைக்கும் இதே மாதிரி ஒரு பேரேடு உண்டு. அதை ரேஸ்காரர்கள் 'ஃபார்ம்' என்பார்கள். ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் முந்தைய ஓட்டங்கள் அச்சிட்டிருக்கும். எந்தத் தேதி, எவ்வளவு தூரம், எந்த வகுப்பு, எவ்வளவு எடை சுமந்தது, யார் ஓட்டியது, எத்தனையாவதாக வந்தது, முதல் குதிரைக்கு எத்தனை 'நீளம்' பின்னால் வந்தது, எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்ற விவரங்கள் அதில் இருக்கும். நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறத்தாழ 2.4 மீட்டர். பாய்ச்சலில் ஓடும் குதிரை ஒரு வினாடியில் 6 அல்லது 7 நீளம் கடந்துவிடும். ஆகவே ஒரு நீளம் என்பது கண் சிமிட்டும் நேரந்தான்.

இந்தப் பேரேட்டைப் படிக்கும்போது தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது இவை:

தூரம். 1000, 1200 மீட்டரில் மின்னலாய்ப் பாயும் குதிரை 2000 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடும். 2400 மீட்டர் ஓடும் டெர்பி வகைக் குதிரைக்குக் குறுகிய தூரத்தில் வேகம் பிடிக்கவே நேரம் போதாது. சில்லறை வியாபாரத்தில் கெட்டிக்காரர் மொத்த வியாபாரத்தில் தடுமாறுவதைப் போன்றது இது.

வகுப்பு. குதிரைகளைத் தரவாரியாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். கீழ் வகுப்பில் ஜெயித்துவிட்டு மேல் வகுப்புக்கு ஏறும் குதிரைக்கு எதிரிகள் மாறிவிடுகிறார்கள். மேல் வகுப்பில் ஐந்தாவதாக வந்த குதிரை கீழே இறங்கும்போது, அந்த ஐந்தாம் இடமே பெரிய சான்றிதழ் ஆகிவிடும்.

தரை. மழைக்குப் பிறகு தரை மெத்தென்று இருக்கும். வெயில் காலத்தில் இறுகிக் கிடக்கும். நம் நாட்டு ரேஸ் மைதானங்களில் தரையின் இறுக்கத்தைப் 'பெனிட்ரோமீட்டர்' என்னும் கருவியால் அளந்து சொல்கிறார்கள். ஒரு கம்பியின் மேல் எடையை விழச் செய்து, அது மண்ணில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்த அளவு. சில குதிரைகளுக்கு ஈரத் தரை ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

இடைவெளி. கடைசியாக எப்போது ஓடியது? இரண்டு வாரமா, எட்டு மாதமா? நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரை தயாராக இருக்கிறதா என்பதை அதிகாலைப் பயிற்சி ஓட்டத்தின் நேரத்தைக் கொண்டு கணிக்க முயல்கிறார்கள்.

ஜாக்கியும் பயிற்சியாளரும். நல்ல ஜாக்கி குதிரையின் வேகத்தைச் செலவழிக்கும் விதம், கெட்டிக்கார வியாபாரி கையிருப்பைச் செலவழிக்கும் விதம் போல. முதல் பாதியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட மாட்டார்.

நேரம். ஒரே 1200 மீட்டரை ஒரு நாள் 72 வினாடியிலும் வேறொரு நாள் 75 வினாடியிலும் ஓடியிருக்கலாம். அன்றைய தரை எப்படி, அன்று ஓடிய மற்ற பந்தயங்களின் நேரம் என்ன என்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் என்ற பத்திரிகையாளர் 1975-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வகைக் கணக்கை விளக்கினார். வெவ்வேறு நாள், வெவ்வேறு தூரம், வெவ்வேறு களம் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முறை அது.

எடை என்னும் தராசு

ரேஸில் புதியவர்களுக்கு விளங்காத விஷயம் எடைதான். பெரும்பாலான பந்தயங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. நன்றாக ஓடிய குதிரைக்கு எடை கூடும், சுமாராக ஓடியதற்குக் குறையும். இதை நிர்ணயிக்கவே 'ஹேண்டிகேப்பர்' என்று ஓர் அதிகாரி இருக்கிறார். எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய லட்சியம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1200 மீட்டர் பந்தயத்தில் 'ஆ' என்ற குதிரை 55 கிலோ சுமந்து ஜெயித்தது. 'அ' என்ற குதிரை 57 கிலோ சுமந்து 2 நீளம் பின்னால் வந்தது. இன்று இரண்டும் மீண்டும் சந்திக்கின்றன. ஜெயித்த 'ஆ'வுக்கு 57 கிலோ, தோற்ற 'அ'வுக்கு 55.5 கிலோ. அன்று 'அ' 2 கிலோ கூடுதலாகச் சுமந்தது, இன்று 1.5 கிலோ குறைவாகச் சுமக்கிறது. மொத்த மாற்றம் 3.5 கிலோ. இந்தத் தூரத்தில் ஒரு நீளத்துக்கு ஏறத்தாழ 1.1 கிலோ என்பது ரேஸ்காரர்களின் வாய்ப்பாடு. அதன்படி 'அ'வுக்கு 3 நீளம் அனுகூலம். அன்று 2 நீளம் பின்தங்கியது இன்று 1 நீளம் முன்னால் வர வேண்டும். முந்தைய முடிவை மட்டும் பார்த்து 'ஆ'வில் பணம் கட்டியவர் ஏமாறுவார், எடையையும் பார்த்தவர் 'அ'வைப் பிடிப்பார்.

இதைப் படிக்கும்போதே ஓர் உற்சாகம் வருகிறதல்லவா? இந்த உற்சாகந்தான் பலரை உள்ளே இழுக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். நாம் இப்போது போட்ட கணக்கை ஹேண்டிகேப்பர் நமக்கு முன்பே போட்டுவிட்டார். எடையை நிர்ணயித்தவரே அவர்தானே. ரேஸ் புத்தகம் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த செய்தியில் லாபம் இல்லை என்பது நமக்குப் புதிதா? மிளகாய் வரத்து குறையப்போகிறது என்று மண்டி முழுவதும் தெரிந்த பிறகு மிளகாய் வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும்? விலை அதற்குள் ஏறியிருக்கும்.

ஏட்டில் ஏறாதவை

ஆகவே உண்மையான திறமை, அச்சிட்ட எண்களில் ஏறாத விஷயங்களைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. போன முறை அந்தக் குதிரைக்கு முன்னால் வழி அடைத்துக்கொண்டதா? வளைவில் வெளிப்பக்கமாக ஓடி அதிக தூரம் சுற்றியதா? புறப்படும் கதவு திறந்தபோது தடுமாறியதா? ஆறாவதாக வந்த குதிரை, வழி கிடைத்திருந்தால் இரண்டாவதாக வந்திருக்குமா? இதற்காகவே பழைய ஓட்டங்களைப் படமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்தும் இடத்தில் நின்று ரோமத்தின் பளபளப்பு, நடை, வியர்வை, மிரட்சி எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள்.

இதெல்லாம் திறமை என்பதில் ஐயமில்லை. முழுநேரத் தொழில் என்று சொன்னாலும் தகும். காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்குக் கல்லாவை எண்ணும் நம்மால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நல்ல சரக்கு வேறு, நல்ல விலை வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லாபம் விற்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் தரத் துவரம்பருப்பாக இருந்தாலும் தகாத விலைக்கு வாங்கினால் நஷ்டம். இரண்டாம் தரமாக இருந்தாலும் தக்க விலைக்குக் கிடைத்தால் லாபம். ரேஸிலும் இதே விதிதான். ஜெயிக்கக்கூடிய குதிரை எது என்பது ஒரு கேள்வி. அதற்கு என்ன விலை கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. ரேஸுக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

கூட்டம் அதிகமாகப் பணம் கட்டும் குதிரையை 'ஃபேவரிட்' என்பார்கள். பல நாடுகளின் நெடுங்காலக் கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் ஃபேவரிட் ஜெயிக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பந்தயத்திலும் ஃபேவரிட்டிலேயே கட்டிவிட்டால் என்ன? கணக்குப் போடுவோம். 30 பந்தயம், ஒவ்வொன்றிலும் 10 ரூபாய், மொத்தம் 300 ரூபாய். 10 முறை ஜெயிக்கிறோம். ஃபேவரிட்டுக்குக் கிடைப்பது குறைவுதான். 10 ரூபாய்க்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வந்தது 250 ரூபாய். மூன்றுக்கு ஒன்று சரியாகச் சொல்லியும் 50 ரூபாய் நஷ்டம். வரி இன்னும் சேரவில்லை.

சரி, யாரும் சீந்தாத குதிரையில் கட்டினால் 10 ரூபாய்க்கு 300, 400 வருமே என்பார்கள். அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மனவியல் அறிஞர் கிரிஃபித் 1949-லேயே பந்தய முடிவுகளை வைத்துக் காட்டியது இது: மக்கள், ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகளுக்கு அவற்றின் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். பெரிய தொகை வரும் என்ற ஆசையே காரணம். ஆகவே 'அதிசயக் குதிரை'யில் கட்டுவது ஃபேவரிட்டில் கட்டுவதைவிட மோசமான கொள்முதல்.

டோட் என்னும் பொதுப் பெட்டி

விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இரண்டு வழி உண்டு.

ஒன்று புக்கி. உரிமம் பெற்ற புக்கி பலகையில் விலை எழுதுகிறார். சமபலம் உள்ள நான்கு குதிரைகள் ஓடுகின்றன என்றால் நியாயமான விலை ஒன்றுக்கு மூன்று. அதாவது 100 கட்டினால் 300 லாபமும் கட்டிய 100-ம். புக்கி ஒன்றுக்கு இரண்டுதான் கொடுப்பார். நான்கு குதிரையிலும் ஆளுக்கு 100 வீதம் 400 ரூபாய் வசூலாகும். எது ஜெயித்தாலும் 300 கொடுத்துவிட்டு 100 ரூபாயைப் பெட்டியில் போட்டுக்கொள்வார். எந்தக் குதிரை வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

இரண்டாவது டோட். 1860-களில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லர் என்பவர் தொடங்கிய முறை இது. எல்லோருடைய பணமும் ஒரு பொதுப் பெட்டியில் சேரும். ரேஸ் கிளப் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் இந்தக் கணக்கைப் போடும் பெரிய இயந்திரத்தை நிறுவினார். இன்று கம்ப்யூட்டர் போடுகிறது, ஆனால் முறை அதேதான்.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். டோட்டில் நாம் பணம் கட்டும்போது முடிவான விலை தெரியாது. கடைசி டிக்கெட் விற்றுக் கவுண்டர் மூடிய பிறகுதான் விலை நிலைக்கும். பணத்தைக் கொடுத்து மூட்டையை எடுத்துக்கொள், விலையைப் பிறகு சொல்கிறேன் என்று மண்டியில் ஒருவர் சொன்னால் நம்மில் யார் வாங்குவோம்?

அடுத்து வரி. பந்தயத்தில் வைக்கும் முழுத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 2017-ல் 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆக்கப்பட்டிருக்கிறது. நம் கடையில் கொள்முதலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் செலுத்துகிறோம். பணம் கட்டுகிறவருக்கு அப்படி எந்தக் கழிவும் இல்லை. 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி, கையிலிருந்து போவது 140.

100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம் வைக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் கையிலிருந்து போனது 14,000 ரூபாய். பெட்டியில் சேர்ந்தது 10,000. கிளப் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரித்துக்கொடுக்க மிஞ்சுவது 8,000. குதிரை ஓடத் தொடங்கும் முன்பே 14,000 ரூபாய் 8,000 ஆகிவிட்டது. ரூபாய்க்கு 57 பைசா. ஒருவர் கைநஷ்டம் இல்லாமல் வெளியே வர வேண்டுமானால், அவருடைய தேர்வு கூட்டத்தின் தேர்வைவிட 75 சதவீதம் மேலானதாக இருக்க வேண்டும். கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது.

ஜெயித்த பிறகும் கதை முடியவில்லை. ரேஸ் வெற்றிப் பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம். வெற்றித் தொகை 10,000 ரூபாய்க்கு மேல் போனால் கொடுக்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். போன வாரம் 20,000 தோற்றேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. லாபத்துக்கு வரி உண்டு, நஷ்டத்துக்குக் கழிவு இல்லை. இப்படி ஒரு சரக்கை நம்மில் எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

ஜெயித்தவர்களே இல்லையா?

உண்டு. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்கரான பில் பெண்டர், ஆஸ்திரேலியரான ஆலன் உட்ஸ் ஆகியோர் ஹாங்காங்கில் கம்ப்யூட்டர் வைத்துக் குதிரைகளை மதிப்பிட்டார்கள். தொடக்கத்தில் கொண்டுபோன முதலில் பெரும்பகுதியை இழந்தார்கள். பின்னர் பெரும் செல்வம் ஈட்டினார்கள். தம் முறையைப் பெண்டரே 1994-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒவ்வொரு குதிரைக்கும் ஏராளமான விவரங்களைத் திரட்டி, பல ஆண்டு ஓட்டங்களைக் கணக்கிட ஒரு குழுவே வேலை செய்தது. இரண்டாவது, தம் கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை. கூட்டம் கட்டிய பணத்தால் உண்டான விலையையும் தம் கணக்கில் சேர்த்த பிறகே அது நம்பத்தக்கதாயிற்று. அதாவது கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தவறு என்று அவர் கண்டார். மூன்றாவது, ஹாங்காங்கில் 'வின்' பந்தயத்தில் பிடித்தம் 20 சதவீதத்துக்கும் குறைவு. அத்தனை கம்ப்யூட்டரும் ஆளும் வைத்து அவர் தாண்டிய வேலியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமான வேலி இங்கே நிற்கிறது. கையில் ஒரு ரேஸ் புத்தகமும் காதில் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியுமா?

டிப்ஸ் வியாபாரம்

கணக்கே வேண்டாம், உள் தகவல் இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். 8 குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு 800 பேரிடம் பேசுகிறார். 100 பேருக்கு ஒரு குதிரை வீதம் 8 குதிரையின் பெயரையும் சொல்லிவிடுகிறார். எது ஜெயித்தாலும் 100 பேருக்கு அவர் சொன்னது பலித்துவிடும். அந்த 100 பேரும் அவரைத் தெய்வமாக நினைப்பார்கள். மற்ற 700 பேர் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை அந்த 100 பேரிடந்தான் பெரிய தொகை கேட்பார். சாதாரண புத்தி போதும் இதைப் புரிந்துகொள்ள: ஜெயிக்கும் குதிரை உறுதியாகத் தெரிந்தவர் அதை 500 ரூபாய்க்கு ஏன் விற்க வேண்டும்?

இதைவிட ஆபத்து, உரிமம் இல்லாத புக்கி கொடுக்கும் கடன். பணம் இப்போது வேண்டாம், திங்கட்கிழமை கொடு என்பார். நமக்குச் சரக்குக் கடன் கொடுப்பவர் மூட்டையை அனுப்புகிறார். இவர் அனுப்புவது வெறும் எண்.

கல்லாவுக்கு ஒரு வேலி

நம் தொழிலில் சர்க்கரை மூட்டையில் கிடைப்பது நூற்றுக்கு 2, 3 ரூபாய். இரண்டரை ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், ரேஸில் போன 1,000 ரூபாயை ஈடுகட்ட 40,000 ரூபாய்க்குச் சர்க்கரை விற்க வேண்டும். அதற்கு எத்தனை பேருக்குப் பொட்டலம் கட்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும் கல்லாவில் கிடக்கும் பணம் முழுவதும் நம்முடையதும் அன்று. அதில் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது இருக்கிறது, வாடகை இருக்கிறது, பையன்களின் சம்பளம் இருக்கிறது. ஒரு தவணை தவறினால் ரேஸ் என்று யாரும் சொல்வதில்லை. இன்னாருக்குக் கை இறுகிவிட்டது என்றுதான் வீதியில் பேச்சு வரும். அந்தப் பேச்சு கிளம்பிய பிறகு கடனுக்குச் சரக்கு கிடைக்காது. முதலுக்கே மோசம் என்பது அதுதான்.

இவ்வளவும் படித்த பிறகும் எனக்குத் திறமை இருக்கிறது என்று நம்புகிற உறுப்பினர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். 100 பந்தயங்களுக்கு, ஓடுவதற்கு முன்பே, உங்கள் குதிரையின் பெயரையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் பந்தயம், 40 ரூபாய் வரி என்று 140 ரூபாய் பற்று எழுதுங்கள். ஜெயித்தால் டோட் அறிவித்த தொகையை வரவு வையுங்கள். முடிவுக்குப் பிறகு ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. 100 பந்தயம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். பற்று 14,000. வரவு அதைத் தாண்டியதா? தாண்டவில்லை என்றால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும், ஒரு காசும் செலவில்லை. தாண்டியிருந்தால் இன்னொரு 100 பந்தயம் எழுதுங்கள். முதல் தடவை அதிர்ஷ்டமாக இருக்கலாம். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு ரேஸில் திறமை இருக்க வாய்ப்பே இல்லை.

குதிரை ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கிறது, நண்பர்களோடு ஆண்டுக்கு ஒரு நாள் போய் வருகிறோம் என்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த நாளுக்கு இவ்வளவு என்று சினிமாச் செலவு போல வீட்டுச் செலவிலிருந்து எடுத்து வையுங்கள். அது போனால் திரும்பி வந்துவிடுங்கள். போனதைப் பிடிக்க இன்னொரு பந்தயம் என்ற எண்ணம் வந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. கடைக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இடம் கொடுக்காதீர்கள். கடையில் வேலை பார்க்கும் பையன்கள் அடிக்கடி முன்பணம் கேட்டால் என்ன தேவை என்று அன்பாக விசாரியுங்கள். திட்டுவதைவிட, மேலே சொன்ன 14,000, 8,000 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். கணக்குப் புரிந்தவன் திருந்துவான்.

குதிரையைத் தேர்ந்தெடுப்பதில் திறமை உண்டு. ஆனால் அந்தத் திறமைக்கு உரிய விலை அந்தச் சந்தையில் கிடைப்பதில்லை. சரக்கின் தரத்தை எடைபோடும் கண், பேரேட்டைப் படிக்கும் புத்தி, விலைக்குப் பொறுத்திருக்கும் நிதானம் ஆகிய மூன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ரூபாய்க்கு 57 பைசா தரும் இடத்தில் அவற்றைச் செலவழிக்காமல், ரூபாய்க்கு 102 பைசா தரும் நம் கடையிலேயே செலவழிப்போம். அந்த 2 பைசா சிறியதுதான். ஆனால் அது நாளைக்கும் வரும்.